உப்புக் காற்றில் ஓடும் செயின்

கல்முனைக் கரையோரத்தில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பெருகிவிட்டன. ஆயினும் துவிச்சக்கர வண்டியின் தேவை ஓய்ந்துவிடவில்லை. கரைவலை இழுத்து முடிந்ததும் மீன் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு நிந்தவூருக்குள்ளும் சாய்ந்தமருதுக்குள்ளும் வருபவர், மருதமுனையில் நூல் கட்டுகளை ஏற்றிச் செல்லும் நெசவாளர், மேற்கே வயல் வட்டைக்குத் தண்ணீர் பார்க்கப் போகும் விவசாயி, ரியூஷன் வகுப்புக்கு ஓடும் மாணவி ஆகியோர் இன்றும் அதையே நம்பியிருக்கின்றனர். 2022 ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. அப்போது கொட்டிலில் சாய்த்து வைத்திருந்த பழைய சைக்கிள்களும் வீதிக்கு வந்தன. அவற்றுள் பலவற்றின் செயின் கறள் பிடித்து இறுகிக் கிடந்தது.

சைக்கிளில் ரயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும். பிரேக் பிடிக்காவிட்டால் உடனே உணர்கிறோம். செயினோ சத்தமின்றிக் கெடுகிறது. பின்பு ஒரு நாள், பாரம் ஏற்றிய வேளையில், நடுவழியில் அறுந்து விழுகிறது. மீன் வியாபாரிக்கு அது வெறும் திருத்தச் செலவு அல்ல. காலை ஒன்பது மணிக்கு வீதியோரத்தில் நின்றுவிட்டால், நண்பகலுக்குள் மீன் பழுதாகும். அன்றைய உழைப்பும் முதலும் சேர்ந்தே போகும். எனவே செயினைப் பற்றிய இந்தச் சிறு விடயத்தை வாழ்வாதாரம் பற்றிய விடயமாகவே நாம் கருதுகிறோம்.

செயின் எப்படித் தேய்கிறது?

இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் செயினை உருவாக்கியவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனோல்ட். அதற்கான காப்புரிமையை அவர் 1880இல் பெற்றார். ஐந்து ஆண்டுகளின் பின், 1885இல், கொவென்றி நகரின் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, பின் சில்லைச் செயினால் சுழற்றும் 'ரோவர்' சைக்கிளை வெளியிட்டார். நம் வீட்டுச் சைக்கிளின் வடிவம் அதிலிருந்து வந்ததே.

செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி, அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு வெளியே ஓர் உருளை, இருபுறமும் தகடுகள் உள்ளன. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே சரியாக அரை அங்குலம். முன் பற்சில்லில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின் பற்சில்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மூட்டும் மடிந்து நிமிர்கிறது. முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள பெரிய சைக்கிளில் 20 கிலோமீற்றர் ஓடினால், ஒவ்வொரு மூட்டும் 5000 தடவைக்கு மேல் அசைகிறது. அந்த மூட்டுக்குள் மணல் துகள் இருந்தால் 5000 தடவை அரம் போட்டு ராவியது போலாகும்.

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஆணியும் புஷ்ஷும் தேய்வதால் ஒவ்வொரு மூட்டிலும் தலைமயிர் அளவு இடைவெளி உண்டாகிறது. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் அது சேர்ந்து நீளமாகத் தெரிகிறது.

இங்கு ஓர் ஆய்வு நமக்கு உதவும். 1999இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் தலைமையில் சைக்கிள் செயினை ஆராய்ந்தனர். மிதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 98.6 வரை பின் சில்லைச் சென்றடையக் கூடும் என்று கண்டனர். சுத்தமான ஆய்வுகூடத்தில் எண்ணெய் இட்டதற்கும் இடாததற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எண்ணெயின் முக்கியமான வேலை, இடைவெளியை நிரப்பி அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பதே என்பது அவர்களுடைய கருத்து. எண்ணெய் ஒரு காவல்காரன் என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம். காவல்காரன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்; வீதியில் போவோரையெல்லாம் உள்ளே கூட்டிவரக் கூடாது. மூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் செயினைக் காக்கிறது. தகட்டின் வெளியே வழியும் எண்ணெய் மணலைப் பிடித்து மூட்டுக்குள் அனுப்புகிறது.

மண்ணெண்ணெயில் கரையாத உப்பு

நம்மிடம் அடிக்கடி சொல்லப்படும் முறைப்பாடு இது: "பாதர், புதுச் செயின் போட்டு ஆறு மாசமும் ஆகல்ல, கறள் புடிச்சிப் போச்சு. கிழமைக்குக் கிழமை மண்ணெண்ணெயிலதான் கழுவுறன்." சொல்பவர் சோம்பேறி அல்லர், அவர் உண்மையாகவே கழுவுகிறார். பிழை வேறிடத்தில் உள்ளது. மண்ணெண்ணெய் பழைய எண்ணெயையும் மசகையும் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு நல்ல தண்ணீரில்தான் கரையும். செயினில் தங்கிவிட்ட உப்பு இரவுக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. சைக்கிள் ஓடாமல் நிற்கும் வேளையிலும் கறள் வளர்கிறது.

ஆகவே கடல் தண்ணீரோ மீன் பெட்டித் தண்ணீரோ பட்ட செயினுக்கு முதல் மருந்து ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர். கிணறு உவராக இருந்தால் குழாய்த் தண்ணீர். மெதுவாக ஊற்றி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்த பின்பே எண்ணெய். ஈரத்தின் மேல் எண்ணெய் விட்டால் தண்ணீரை உள்ளே பூட்டி வைத்ததாகும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதை நம் மீனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தண்ணீரும் துணியும் செய்யக்கூடிய வேலைக்கு மண்ணெண்ணெயைச் செலவிடத் தேவையில்லை.

வாரத்துக்கு ஐந்து நிமிடம்

1. சைக்கிளை நிறுத்தி, பழைய பருத்தித் துணியால் கீழ்ப்பக்கச் செயினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். துணி கறுப்பாவது நிற்கும்வரை துடையுங்கள். ஒருவர் துடைக்க இன்னொருவர் பெடல் சுற்றுவது வேண்டாம். பற்சில்லில் விரல் அகப்படும்.

2. ஒவ்வொரு உருளையின் மேலும், தகடுகள் சந்திக்கும் இடத்தில், ஒரு துளி எண்ணெய் மட்டும் விடுங்கள். இருபது சுற்றுச் சுற்றி எண்ணெயை உள்ளே போகவிடுங்கள். மாலையில் செய்து இரவு முழுவதும் விட்டுவைப்பது சிறந்தது.

3. காலையில் புறப்படுமுன் வெளியேயுள்ள எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பலர் தவறவிடுவது இந்த மூன்றாவது படியையே.

எந்த எண்ணெய்? தையல் மெசின் எண்ணெய் உள்ளே நன்றாகப் போகும்; ஆனால் மாரி மழையில் விரைவில் கழுவப்பட்டுவிடும். மழைக் காலத்துக்குப் புதிய மோட்டார் சைக்கிள் எண்ணெய் நல்லது. கராஜில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு எண்ணெயில் புகைக்கரியும் உலோகத் துகளும் உண்டு. அது செயினுக்கு உதவாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். கிரீஸை மேலே பூசினால் மூட்டுக்குள் போகாது. கச்சான் காற்றில் பறக்கும் மணலையெல்லாம் ஒட்டவைக்கும். கடையில் வாங்கும் புதுச் செயினில் மட்டும் கிரீஸ் உள்ளேயே இடப்பட்டிருக்கும். அதைக் கழுவி எடுக்காமல் வெளிப்புறத்தைத் துடைத்து மாட்டினால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

செயினைக் கழற்றி முழுமையாகக் கழுவ வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். மாரி தொடங்குமுன் ஒரு தடவையும் முடிந்தபின் ஒரு தடவையும் கட்டாயம். செயின் பூட்டின் கவ்வியைக் குறட்டால் மெதுவாகத் தள்ளினால் கழன்றுவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பின்பு ஒரு தகரப் பேணியில் செயின் மூழ்குமளவு மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்து எடுங்கள். வெயிலில் காய்ந்ததும் எண்ணெய் இடுங்கள். பெற்றோலைப் பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

மீண்டும் பூட்டும்போது, கவ்வியின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாறி மாட்டினால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். பின்பு பின் சில்லின் நட்டை இறுக்குமுன், செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் அசைந்தால் சரி.

பாவித்த மண்ணெண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் அழுக்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த தடவைக்கு எடுக்கலாம். நம் கரையோரம் மணல் நிலம், கிணறுகள் ஆழமற்றவை. முற்றத்தில் ஊற்றும் எண்ணெய் மணலினூடாக இறங்கிக் கிணற்றைச் சேரக்கூடும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைப்பதும் ஆபத்து. தண்ணீரென்று நினைத்துப் பிள்ளைகள் குடித்துவிடுவதுண்டு.

மீன் வியாபாரிகளின் கவனத்துக்கு

ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்து வடியும் தண்ணீர் நேரே பிரீவீலிலும் செயினிலும் விழுகிறது. செயின் இருப்பது வலப்பக்கத்தில். ஆகவே பெட்டியின் இடப்பக்க அடியில் ஒரு துளையிட்டு, சிறு குழாய் ஒன்றைச் செருகி, தண்ணீரை இடப்புறமாகத் தரைக்கு இறக்கிவிடலாம். அத்துடன் பழைய ரியூப் துண்டொன்றை கரியரின் வலப்பக்கத்தில் திரைபோலத் தொங்கவிட்டால் தெறிக்கும் தண்ணீரும் தடுக்கப்படும். ரியூப் துண்டு சில்லில் அகப்படாதபடி கீழேயும் கட்டிவிட வேண்டும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

எப்போது மாற்றுவது?

தச்சரிடம் உள்ள இரும்பு ரேப் போதும். ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி 12 அங்குலத்தை அளவுங்கள். புதுச் செயினில் 25ஆவது ஆணியின் நடு, சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் புதுச் செயினுக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். 1/8 அங்குலம் கூடிவிட்டால் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல்லில் அது வழுக்கும். செயினைக் காலத்தோடு மாற்றுபவர் ஒரு பொருளை வாங்குகிறார். தாமதிப்பவர் மூன்றை வாங்குகிறார். ரேப் இல்லாவிட்டால், முன் பற்சில்லின் முன்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது.

பொருளும் அறிவும்

2004 டிசம்பர் 26ஆந் திகதி வந்த சுனாமியில் இந்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியவர்கள் மீண்டும் தொழிலுக்கும் பாடசாலைக்கும் போவதற்குச் சைக்கிள்கள் பெரிதும் உதவின. 2005இல் தொடங்கப்பட்ட வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீப் நிறுவனம், வேர்ல்ட் விஷனுடன் சேர்ந்து இலங்கையில் 24,400 சைக்கிள்களை வழங்கியது. அதே நிறுவனம் பின்னர் சாம்பியா நாட்டில் சைக்கிள் கொடுத்தபோது, அவற்றைத் திருத்துவோரையும் கிராமங்களிலேயே பயிற்றுவித்தது. அபிவிருத்திப் பணியில் உள்ள நம் அனைவருக்கும் இதில் பாடம் உண்டு. கொடுத்த பொருள் எத்தனை என்று கணக்கெடுப்பது எளிது. ஐந்து ஆண்டுகளின் பின் எத்தனை ஓடுகின்றன என்பதே சரியான கணக்கு.

இந்த அறிவைப் பரப்பப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பாடசாலைகளில் 12 அங்குலம் அளப்பதையும் எண்ணெய் இடுவதையும் மாணவர்க்கும், குறிப்பாக மாணவிகளுக்கும், ஒரு மணி நேரத்தில் காட்டிக் கொடுக்கலாம். செயின் கழன்றால் யாராவது வருவார்களென்று வீதியில் காத்து நிற்கும் நிலை அவர்களுக்கு வேண்டியதில்லை. மீனவர் சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும் ஒரு குறடு, ஒரு ரேப், ஒரு தூரிகை, ஒரு பேணி, ஒரு போத்தல் எண்ணெய் அடங்கிய பெட்டியொன்றைப் பொதுவில் வைத்திருக்கலாம். ஊரின் அனுபவமுள்ள சைக்கிள் திருத்துநர் ஒருவரை அழைத்து, அவருடைய நேரத்துக்கு உரிய கூலியும் கொடுத்து, அவரையே ஆசிரியராக்கலாம்.

முதலில் தண்ணீர், பின்பு வெயில், அதன்பின் ஒரு துளி எண்ணெய், கடைசியில் துணி. இந்த ஒழுங்கை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருந்தால், அடுத்த மாரியிலும் செயின் ஓடும்.