பூங்கா நிலமும் புதைபொருளும்

நிலத்துள் மறைந்த உலோகத்தை ஒலியால் உணர்த்துங் கருவியை ஏந்திப் பழம்பொருள் தேடுதல் இங்கிலாந்திற் பலர்க்குப் பொழுதுபோக்காகும். பூங்கா பொதுமக்களுக்கு உரியதன்றோ, ஆண்டுத் தேடுதற்குத் தடை யாது எனச் சிலர் வினவுவர். உலாவும் உரிமை வேறு. அகழும் உரிமை வேறு. நிலத்துக்குரிய உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியின்றி அங்குத் தேடுதல் தகாது. சில மன்றங்கள் அனுமதி வழங்கும். சில முற்றாக மறுக்கும். இலண்டன் மாநகரின் அரச பூங்காக்களில் இத்தேடல் தடைசெய்யப்பட்டுள்ளது. பூங்காவினுள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் இருப்பின், எழுத்துமூல இசைவின்றி ஆங்குக் கருவியைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

அனுமதி பெற்றவர்க்கும் கடமையொன்று உண்டு. 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, புதையலெனக் கருதத்தக்க பொருளைக் கண்டவர் அதனை 14 நாட்களுள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும்.

இவ்விதிகள் பொன்னையும் வெள்ளியையும் காத்தற்கு மட்டும் எழுந்தனவல்ல. ஒரு பொருள் எவ்வாழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதே அதன் வரலாற்றைக் கூறும். 1992இல் சபோக் பகுதியிலுள்ள ஒக்சன் என்னும் ஊரின் வயலொன்றில், தொலைந்த சுத்தியலைத் தேடியவர் உரோமர் காலப் புதையலைக் கண்டார். சிலவற்றை எடுத்தபின் தோண்டுதலை நிறுத்தி அறிவித்தார். ஆய்வாளர் முறைப்படி அகழ்ந்தமையால் ஏறக்குறைய 15,000 நாணயங்களோடு, அவற்றை அடக்கியிருந்த மரப்பேழையின் அமைப்பும் புலனாயிற்று. அவர் அனைத்தையும் வாரியெடுத்திருப்பின் நாணயங்கள் எஞ்சியிருக்கும்; பேழையின் செய்தி அழிந்திருக்கும்.

பூங்கா மண்ணுக்கும் இவ்வுண்மை பொருந்தும். கண்டெடுத்த பொருளை அருங்காட்சியகம் காக்கும். கலைந்த மண்ணை முன்போல் அடுக்குதல் எவர்க்கும் இயலாது.