கடற்கரை போட்டோவுக்கு இடம் தேட உதவும் கம்ப்யூட்டர்

திருமணத்திற்கு முன் ஜோடியாக வெளியிடத்தில் போட்டோ எடுத்துக் கொள்வது இப்போது நம் ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. இன்னும் சிலர், காரணம் சொல்லாமல் அழைத்துச் சென்று, கடற்கரையில் வைத்துத் தங்கள் விருப்பத்தைச் சொல்லத் திட்டமிடுகின்றனர். நான் சாப்ட்வேர் துறையில் இருப்பதால், நல்ல இடமாகத் தேடித் தரும்படி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. எங்கள் ஊரான அரக்கோணத்திலிருந்து கடல் 65 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. இடம் பார்த்து வருவதற்கே ஒரு நாள் விடுமுறை போய்விடும். உங்கள் வீட்டில் இணைய இணைப்புடன் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதியை நாற்காலியில் அமர்ந்தே முடித்துவிடலாம்.

முதலில் சூரியன்

எந்தக் கடற்கரை அழகானது என்பது இரண்டாவது கேள்விதான். நீங்கள் போகும் நேரத்தில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. சினிமாவில் பார்த்து, கடலில் சூரியன் மறையும் காட்சியைப் பலர் விரும்புகின்றனர். சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி எல்லாம் கிழக்குக் கடற்கரை. இங்கு சூரியன் கடலில் உதித்து, நிலத்தின் பக்கம் மறையும். கன்னியாகுமரி முனை போன்ற சில இடங்கள் மட்டுமே விதிவிலக்கு.

எனவே இரண்டு வழிகள் உள்ளன. உதயத்தின்போது கடலைப் பார்த்துப் படம் எடுத்தால், சூரியனுக்கு முன் இருவரும் நிழல் உருவமாகத் தெரிவார்கள். முகம் தெளிவாக வேண்டும் என்றால் மாலையில் செல்லுங்கள். அப்போது கடலுக்கு முதுகு காட்டி நின்றால், மேற்கிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் முகத்தில் விழும். பின்னணியில் கடலும் கிடைக்கும்.

சன்கால்க் என்ற இணைய தளத்தில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். வரைபடத்தில் மாமல்லபுரத்தைத் தேர்ந்தெடுத்து, தேதியைக் கொடுங்கள். உதிக்கும் திசைக்கு ஒரு கோடும், மறையும் திசைக்கு ஒரு கோடும் கிடைக்கும். அங்கே மே மாதக் கடைசியில் காலை 5.40 மணி அளவில் சூரியன் உதிக்கும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். திசையும் மாறும். ஜூனில் சற்று வடகிழக்காகவும், டிசம்பரில் தென்கிழக்காகவும் உதயம் இருக்கும்.

கூகுள் எர்த் ப்ரோ

அடுத்து, கூகுள் எர்த் ப்ரோ புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். 2015 முதல் இது இலவசம். பின் கீழ்க்காணும் வழிகளில் செயல்படவும்.

1. இடது மேல்புறம் உள்ள தேடல் கட்டத்தில் மாமல்லபுரம் என டைப் செய்து, கடற்கரைக் கோயிலுக்குச் செல்லுங்கள். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் படம் பெரிதாகும்.

2. டூல்பாரில் சூரியன் படம் உள்ள ஐகானில் கிளிக் செய்தால் நேரத்தை நகர்த்தும் பட்டை தோன்றும். அதனை இழுத்தால் வெளிச்சம் மாறுவதைக் காணலாம்.

3. கடிகாரப் படம் உள்ள ஐகான், அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களைத் தரும். மணல் பரப்பு குறைந்து வருகிறதா என இதில் தெரியும்.

4. கரையை ஒட்டி அடர் பச்சைப் பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் சவுக்குத் தோப்பு. மாலையில் சூரியன் மறைவதற்கு முன்பே அந்த மரங்கள் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஒரு மணி நேரம் முன்னதாகவே படம் எடுக்கத் திட்டமிடுங்கள்.

5. ரூலர் கொண்டு, மறைந்திருந்து படம் எடுக்கும் நண்பர் எவ்வளவு தூரத்தில் இருப்பார் என அளக்கலாம். அவருக்கு ஜூம் லென்ஸ் தேவையா என்பது இதில் தெரிந்துவிடும்.

6. மஞ்சள் ஊசி ஐகான் மூலம் இடத்தைக் குறித்துச் சேமித்து, அந்த பைலை நண்பருக்கு மெயிலில் அனுப்பலாம்.

படத்தில் தெரியாதவை

மாமல்லபுரத்தின் கோயில்களும் சிற்பங்களும் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. கடற்கரைக் கோயில் வளாகம் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அங்கே டிரைபாட் வைத்துப் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும். இன்னும் தெற்கே சென்றால் கல்பாக்கம் அணுமின் நிலையம் வரும். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். மீனவர்களின் படகும் வலையும் அவர்களின் பிழைப்பு. கேட்டுவிட்டு அருகில் நில்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அலை. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். உள்ளூரில் காற்றே இல்லாதபோதும், தொலைதூரக் கடலில் உருவான அலைகள் திடீரெனக் கரையில் ஏறும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் மத்திய அரசு மையம் இதற்கான எச்சரிக்கைகளைத் தன் இணைய தளத்தில் வெளியிடுகிறது. கிளம்பும் நாளன்று அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பாறை மேல் ஏறி நின்று போஸ் கொடுக்கவே வேண்டாம்.

ரகசியம் காக்க

வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை இருவரும் பயன்படுத்தினால், நீங்கள் தேடிய தளங்கள் பிரவுசர் ஹிஸ்டரியில் காட்டிக் கொடுத்துவிடும். குரோம் பிரவுசரில் கண்ட்ரோல் + ஷிப்ட் + என் கீகளை அழுத்தினால் இன்காக்னிடோ விண்டோ திறக்கும். அதில் தேடுங்கள்.

மொபைலில் எடுத்த படத்தினுள், எடுத்த இடமும் நேரமும் பதிவாகி இருக்கலாம். வீட்டில் இன்னும் சொல்லாத ஜோடிகளுக்கு இது சங்கடம் தரும். விண்டோஸில் அந்த பைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் டேப் செல்லுங்கள். கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் வரியில் கிளிக் செய்து இந்தத் தகவல்களை நீக்கிவிடலாம்.

பயணம்

அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டிற்கு ரயில் உண்டு. அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ.; பஸ்ஸில் செல்லலாம். உதயம் வேண்டுமென்றால் முதல் நாளே சென்று தங்க வேண்டியிருக்கும். மாலை என்றால் ஒரே நாளில் திரும்பலாம்.

கடைசியாக ஒன்று. எல்லோரும் கூடி நின்று கை தட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேட்கப்படுபவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று தயங்காமல் சொல்லக்கூடிய, கூட்டமில்லாத, ஆனால் பாதுகாப்பான இடம்தான் நல்லது.