டீசல் குழாய் ஏன் அகலமாக வேண்டும்?

1998 நடுவிலிருந்து 2002 வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் பிக்கப்பில், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் என்ஜினுக்கு எரிபொருளை அளந்து கொடுத்தது போஷ் விபி44 பம்ப். அந்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. சூட்டைத் தணிப்பதும் டீசல்தான். வரத்து குறைந்தால் உள்ளே உலோகம் உரசும், சூடேறும், விலையுயர்ந்த பம்ப் பாழாகும். அதனால் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பலர் டீசல் குழாயில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் சிறு மின் பம்ப், தொலைவில், என்ஜினை ஒட்டி இருந்தது. தள்ளுவது எளிது, உறிஞ்சுவது கடினம். உறிஞ்சும் பக்கத்தில் துணைக்கு இருப்பது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. அங்கே ஓர் இணைப்பு தளர்ந்தால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். ஈரமே காட்டாத இந்தக் கசிவைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அடுத்த தடை பான்ஜோ போல்ட், அதாவது குழாயை இணைக்கும் உள்ளீடற்ற போல்ட். குழாய் எவ்வளவு அகலமானாலும், இதற்குள் டீசல் சிறு துளைகளில் நுழைந்து செங்கோணமாகத் திரும்ப வேண்டும். அழுத்தம் அங்கே விழுகிறது.

சீரான ஓட்டத்தில் உள்விட்டம் இருமடங்கானால், அதே அளவு டீசலுக்கு அழுத்த இழப்பு 16-இல் ஒரு பங்காகும். ஆகவே அரை அங்குலக் குழாய், தாராளத் துளையுள்ள இணைப்புகள், டாங்கிக்கு அருகே சேஸிஸில் பம்ப். பயோடீசல் கலப்பதானால் ரப்பரைக் கவனித்து வாங்குங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் நாளடைவில் உப்பி இளகும். விபி44-இன் வாயிலில் ஓர் அழுத்தமானியும் அவசியம்.