‘குழி’ மைதானம், அலிக்விப்பா, பென்சில்வேனியா

அலிக்விப்பா உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் மைதானம் இது. பயிற்சியாளர் கார்ல் ஆஷ்மனின் பெயர் தாங்கியது. ஊரார் வாயில் ‘குழி’. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். காலால் உதைப்பது குறைவு.

ஒஹையோ ஆற்றங்கரை உருக்காலையால் வளர்ந்த ஊர் இது. ஆலை 1980களில் ஒடுங்கியது. இன்று சுமார் 9,000 பேர் வாழும் இவ்வூரின் பள்ளி மாணவர் மூவர் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றிருப்பது பெரிய கணக்குத்தான்.

மைக் டிட்கா (இடம்பெற்ற ஆண்டு 1988) ஆஷ்மனிடம் பயின்றவர். ‘டைட் எண்ட்’ எனும் இடத்தில் ஆடுவோரில் அம்மண்டபத்தில் முதலில் இடம்பெற்றவர். டை லா (2019), டாரெல் ரெவிஸ் (2023) இருவரும் எதிரணியினர் கைக்குப் பந்து போகாமல் மறிக்கும் ‘கார்னர்பேக்’குகள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில், வெவ்வேறு ஆண்டுகளில், இருவர் முதுகிலும் இருந்த எண் 24.