வரிச் சலுகையும் எங்கள் பிள்ளைகளின் பாடசாலையும்

"நாங்கள் வருமான வரி கட்டுவதில்லை. அரசாங்கம் தருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்." இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களிடையே இப்பேச்சை அடிக்கடி கேட்கின்றோம். பாடசாலைக்கு ஓர் ஆசிரியரைக் கேட்பதற்கும், ஒழுகும் கூரையைத் திருத்தித் தரும்படி கேட்பதற்கும் இந்த எண்ணமே தடையாக நிற்கின்றது. இது சரியான எண்ணந்தானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

வரி கட்டாதவர் எவருமில்லை

வரிகள் இரு வகைப்படும். சம்பளத்தின் மீதும் இலாபத்தின் மீதும் விதிக்கப்படுவது நேர் வரி. வருமான வரி இவ்வகையைச் சேர்ந்தது. பொருளின் விலையோடு சேர்த்து அறவிடப்படுவது நேரில் வரி. 'வற்' என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி இவ்வகையானது. 2024 ஜனவரியில் இது 18 வீதமாக்கப்பட்டது. அந்த வீதத்தில், 118 ரூபா கொடுத்து வாங்கும் பொருளில் 18 ரூபா வரியாகும். சவர்க்காரத்திலும், தொலைபேசிக் கட்டணத்திலும், லான்ட்மாஸ்டருக்கு ஊற்றும் டீசலிலும் இவ்வரி அடங்கியுள்ளது.

இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும் பங்கு நேரில் வரிகளாலேயே கிடைக்கின்றது. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கும் தாயும், பெரிய வர்த்தகரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே அளவு வரியையே கட்டுகின்றனர். தாயின் வருமானத்தில் அது பெரிய பங்கு. வர்த்தகருக்கு அது கணக்கிலேயே வராது.

பணம் பாடசாலைக்கு வரும் வழி

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி, கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. திருச்சபைகளும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளும் அரச உதவியுடன் நடத்திய பாடசாலைகளுட் பெரும்பாலானவை, 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அரசின் கைக்கு மாறின. அன்றிலிருந்து அப்பாடசாலைகளின் பொறுப்பு முழுவதும் பொதுப்பணத்தின் மீதே தங்கியுள்ளது.

1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தின்படி, தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாண நிர்வாகத்தின் கீழும் வந்தன. கிராமப் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாணத்துக்குரியவை. வட மாகாணத்தின் சொந்த வருமானம் சிறிது. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி மத்திய அரசு வழங்கும் நிதியைக் கொண்டே அது இயங்குகின்றது. கல்விக்கு வரும் நிதியிற் பெரும் பகுதி ஆசிரியர் சம்பளத்துக்குப் போய்விடும். கற்றல் சாதனங்களுக்கான தர உள்ளீட்டு நிதி பெரிதும் மாணவர் தொகையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது.

இடம்பெயர்ந்தோருக்கு இது முக்கியமானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்களோடு பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியின் வளாகம் 2016இலேயே விடுவிக்கப்பட்டது. குடும்பங்கள் சிதறினால் மாணவர் தொகை குறையும். தலைக்கணக்கில் வரும் பணமும் குறையும். ஆனால் இடிந்த சுவரைக் கட்டும் செலவு குறையாது.

சலுகை கொடுத்தால் என்ன நடக்கும்?

பங்குக் கிணற்றில் சேறு வாருவதற்குப் பங்காளர் எல்லாரும் பணம் போடுவது வழக்கம். கூடிய நிலமுள்ள ஒருவரை "நீர் இம்முறை தரவேண்டாம்" என்று விட்டால் என்ன ஆகும்? ஒன்றில் மற்றவர்கள் கூடுதலாகப் போடவேண்டும், அல்லது சேறு வாராமல் விடவேண்டும். வருமான வரிச் சலுகையும் அத்தகையதே.

2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. தேச நிர்மாண வரி முற்றாக நீக்கப்பட்டது. இவ்வரியின் மூன்றிலொரு பங்கு 2011இலிருந்து மாகாணங்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. 2020 ஜனவரி தொடக்கம், மாதம் இரண்டரை இலட்சம் ரூபா வரை உழைப்பவருக்கு வருமான வரி இல்லை என்றாயிற்று. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேலிருந்த வரி வருமானம், 2020இல் 8 வீதமளவிற்கு வீழ்ந்தது.

பெருந்தொற்றும் பழைய கடன்களும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. அதற்கு முந்திய மாதம் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. எரிபொருள் இல்லாமையால் ஆண்டின் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன.

பின்னர் ஓட்டை எவ்வாறு அடைக்கப்பட்டது? 2023 ஜனவரியில் வருமான வரி விலக்கின் எல்லை ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரிலில் அது 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. மறுபுறம், 8 வீதமாயிருந்த பெறுமதி சேர் வரி படிப்படியாக 18 வீதமாயிற்று. முன்னைய சலுகையால் வருமான வரியில் எதையும் பெறாத ஏழைக் குடும்பமும் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓட்டையை அடைக்கப் பணம் போட்டது.

நன்கொடைக்கும் சட்டம் சலுகை அளிக்கின்றது. 36 வீத வரிப்படியில் உள்ள ஒருவர், அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனம் ஒன்றுக்கு 50,000 ரூபா கொடுத்து அதை வருமானத்திலிருந்து கழித்தால், அவரது வரி 18,000 ரூபாவால் குறையும். அவர் கைப்பணம் 32,000. மிகுதி எல்லோருக்கும் பொதுவான பணம். நன்கொடை நல்லதே. எனினும் அது கொடுப்பவர் விரும்பும் இடத்துக்குப் போகும். வெளிநாட்டில் பழைய மாணவர் எவருமில்லாத சிறு பாடசாலைக்குப் பொதுப்பணமே கதி.

நாம் செய்யக்கூடியவை

கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம் செலவிடவேண்டும் என்பது 2015இல் உலக நாடுகள் ஏற்ற அளவுகோல். இலங்கை நெடுங்காலமாக 2 வீதமளவிலேயே நிற்கின்றது. இதை ஒரு கிராமத்தால் மாற்ற முடியாது. ஆனால் வருவது எங்கே போகின்றது என்று கேட்கலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். இவ்வாண்டு தர உள்ளீட்டு நிதி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தற்காலிக இடத்தில் வசித்தாலும் பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

கிணற்றுக்குப் பணம் போட்ட பங்காளர் தமது இறைப்பு முறையைக் கேட்பதற்கு வெட்கப்படுவதில்லை. பாடசாலை விடயத்திலும் நாம் பங்காளரே.