குவிந்தது பணம், குவிந்ததா வாக்கு?

“லட்சம் பேர் லைக் போட்டுவிட்டார்கள்! இனி நம் வேட்பாளரின் வெற்றியைத் தடுக்க எவராலும் ஆகாது!” என்று களிப்போடு கூறும் தோழர்களைக் காண்கிறோம். களிப்பைக் கெடுப்பது நமது நோக்கமல்ல. கணக்குக் கேட்பது நமது கடமை. லட்சம் பேர், சரி, எந்தத் தொகுதியிலே? எந்தத் தெருவிலே? அவர்களிலே வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் எத்தனை பேர்? பெயர் உள்ளவர்களிலே, வேலையை விட்டுவிட்டு, வரிசையிலே நின்று, விரலிலே மை வைத்துக்கொள்ளப் போகிறவர் எத்தனை பேர்?

கேட்டால் கோபம் வருகிறது! “காலம் மாறிவிட்டது, நீங்கள் இன்னும் மேடையையும் துண்டறிக்கையையும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்” என்கிறார்கள். மாறிய காலத்தின் கதையையே பேசுவோம். இணையத்தை ஆயுதமாக்கிப் பார்த்த அமெரிக்கத் தேர்தல்கள் உரைப்பது என்ன?

2003-ஆம் ஆண்டு. ஈராக் மீது போர். ஜனநாயகக் கட்சியின் பெருந்தலைகள் பலர் போருக்குத் தலையாட்டிய நேரம். கூடாது இந்தப் போர் என்று குரல் கொடுத்தார் ஹோவர்ட் டீன். மருத்துவர், வெர்மான்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். ஆளுநர் என்றதும் டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநரை எண்ணிவிட வேண்டாம். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்து அமர்த்தும் ஆட்சித் தலைவர்.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக அவர் முனைந்தபோது செல்வர் துணை இல்லை. இணையம் துணைக்கு வந்தது! ‘மீட்அப்’ என்ற தளத்தின் வழியே லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவர் பெயரால் ஒன்றுகூடப் பதிந்துகொண்டனர். துணைக் குடியரசுத் தலைவர் டிக் செனி, தட்டு ஒன்றுக்கு 2,000 டாலர் வாங்கிக்கொண்டு செல்வருக்கு விருந்து வைத்தார். டீன், கணிப்பொறியின் முன் அமர்ந்து, வான்கோழிக் கறி வைத்த ரொட்டியைத் தின்றார். இணையத்திலே அதைக் கண்டவர்கள் சிறுகச் சிறுக அனுப்பிய தொகை, சில நாட்களிலே 5 லட்சம் டாலர் அளவை எட்டிற்று! ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்றே மாதத்தில் திரண்டது ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் டாலர். ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டு ஏடுகளும் அட்டையிலே அவர் படம் போட்டன. “இவரே வேட்பாளர்” என்று எழுதாத ஏடு இல்லை என்னும் அளவுக்கு ஆரவாரம்.

வந்தது 2004, ஜனவரி 19. அயோவா மாநிலத்திலே முதல் சோதனை. அங்கே அன்று நடந்தது நமக்குப் பழக்கமான வாக்குப்பதிவு அல்ல. நடுக்கும் குளிர்கால இரவு, ஆறரை மணி, ஏறத்தாழ 2,000 வட்டாரங்கள், பள்ளிக்கூடம், மாதாகோயில், நூலகம் என்று ஆங்காங்கே அண்டை அயலார் கூடினார்கள். மறைவு இல்லை, பெட்டி இல்லை. இன்னாருக்கு நான் என்று எல்லோரும் காண ஒரு மூலையிலே போய் நிற்க வேண்டியிருந்தது. நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடத் தேறாத அணி, பெரும்பாலான இடங்களிலே, கலைந்து வேறு அணியிலே சேர வேண்டியிருந்தது. அந்த வேளையிலே அழைத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை, கடைக்காரர்!

முடிவு? ஜான் கெர்ரிக்கு நூற்றுக்கு 38. ஜான் எட்வர்ட்ஸுக்கு 32. டீனுக்கு 18! மூன்றாம் இடம்.

அன்றிரவு அவர் எழுப்பிய முழக்கத்தைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டி நகைத்தன. அந்த முழக்கத்தால்தான் வீழ்ந்தார் என்போர் இன்றும் உண்டு. தோழர்களே, முழக்கம் எழுந்தது அயோவாவின் முடிவு தெரிந்த பிறகு!

தோல்விக்குக் காரணம் பல. எதிராளியோடு விளம்பரச் சண்டை நடந்தது. இவரால் புஷ்ஷை வெல்ல முடியுமா என்ற அச்சமும் இருந்தது. மறுக்கவில்லை. ஆனால் ஆரவாரம் ஏன் அரணாக நிற்கவில்லை? நாடெங்கும் சிதறிக்கிடந்த லட்சம் பேர், அயோவாவின் ஒரு வட்டாரத்திலே பத்துப் பேராகவும் ஆகவில்லை என்றால், அங்கே அவர்கள் கணக்கு பூஜ்யம்தான். இதை உணர்ந்து, வெளி மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 3,500 தொண்டர்கள் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி அணிந்து வந்து கதவு தட்டினர். உழைப்பு உண்மையானது, உள்ளம் தூயது, ஆனால் முகம் அந்நியம்!

இன்னொன்றையும் காணுங்கள். பிப்ரவரி 18-இல் டீன் களத்தைவிட்டு விலகினார். விலகிய பிறகு, மார்ச் 2-இல், சொந்த மாநிலமான வெர்மான்ட்டிலே வென்றார்! அவரை நேரில் அறிந்தவர்கள், அவர் போட்டியிலே இல்லாதபோதும் வாக்களித்தார்கள்.

டீன் ஒருவர் கதைதானே என்பீர்கள். டெக்ஸாஸைச் சேர்ந்த ரான் பாலைப் பாருங்கள். 2007 நவம்பர் 5, ஒரே நாளில் இணைய வழியே 40 லட்சம் டாலருக்கு மேல். டிசம்பர் 16, ஒரே நாளில் 60 லட்சத்துக்கு மேல். அந்தக் காலாண்டிலே குடியரசுக் கட்சிப் போட்டியாளர்களிலே அவரே அதிகம் திரட்டியவர். 2008 ஜனவரியிலே அயோவாவில் அவர் பெற்றது நூற்றுக்குப் பத்து. நியூ ஹாம்ப்ஷயரில் எட்டு. இரண்டிலும் ஐந்தாம் இடம்!

“அப்படியானால் ஒபாமா?” என்று மடக்குவார்கள். மடங்க மாட்டோம், அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறோம்! ஒபாமாவின் தளத்திலே 20 லட்சம் பேர் பதிந்தனர். அத்தோடு நின்றார்களா? அந்தத் தளத்தின் வழியே ஏறத்தாழ 2 லட்சம் நேரடிக் கூட்டங்களும் நிகழ்ச்சிகளும் நடந்தன. வந்தவனிடம், “உன் பக்கத்து வீடுகளின் பட்டியல் இதோ, போய்ப் பேசு” என்று வேலை கொடுத்தது அந்தத் தளம். அயோவாவிலே வட்டாரம் வட்டாரமாக உள்ளூர்ப் பொறுப்பாளரைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். டீனை மூன்றாம் இடத்திலே நிறுத்திய அதே அயோவா, 2008 ஜனவரி 3-இல் ஒபாமாவை முதல் இடத்திலே ஏற்றியது, நூற்றுக்கு 38 என்ற கணக்கிலே. இணையம் அங்கே வாசற்படி. டீனுக்கோ அதுவே வீடாகிவிட்டது!

இது நமது கற்பனையல்ல. 1998-இல் நியூ ஹேவன் நகரிலே, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் சோதித்தே பார்த்தனர். நேரில் கண்டு பேசியபோது வாக்களிப்போர் நூற்றுக்கு எட்டு, ஒன்பது என்ற அளவிலே கூடினர். அஞ்சலால் வந்த பயன் மிகச் சிறிது. தொலைபேசியால் வந்த பயன் தென்படவே இல்லை. 2010 நவம்பரில் முகநூலிலே 6 கோடிக்கும் மேற்பட்டோரிடம் ஒரு சோதனை. “இன்று வாக்களிக்கும் நாள்” என்ற வெறும் செய்தி எவரையும் அசைத்ததாகத் தெரியவில்லை. வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகங்களும் சேர்ந்து வந்த செய்தி சிறிது அசைத்தது. கூடுதலாக விழுந்தவை ஏறத்தாழ 3 லட்சத்து 40 ஆயிரம் வாக்குகள் என்று மதிப்பிட்டனர். 6 கோடியிலே இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! அதிலும் பெரும்பங்கு நெருங்கிய நண்பர் வழியே வந்தது. கருவி மாறினாலும், அசைப்பது அறிந்த முகம்தான்!

ஆகவே, கைப்பேசியைக் கீழே போடு என்று நாம் கூறவில்லை. அது அழைக்கும், திரட்டும், பணம் சேர்க்கும், மறைக்கப்பட்ட செய்தியை ஊருக்கு உரைக்கும். ஆனால் அதிலே நமக்குக் கைதட்டுபவன் ஏற்கெனவே நம்மவன். தேர்தலைத் தீர்மானிப்பவனோ, நமக்குக் கைதட்டாதவன். இன்னும் முடிவு செய்யாதவன். நாம் எழுதியதைப் படிக்காமலே உழைத்துக் களைத்து உறங்கப் போகிறவன். அவன் நம்மைத் தேடி வரமாட்டான். நாம்தான் அவன் வாசலுக்குப் போக வேண்டும்.

லைக் போட்ட லட்சம் பேரும் தத்தம் தெருவிலே பத்து வீட்டுக் கதவைத் தட்டட்டும். அந்த லட்சத்தைக் கண்டு நாமும் களிப்போம். தட்டாத லட்சம்? ஏட்டுச் சுரைக்காய்! அது கறிக்கும் உதவாது. கழகம் எதற்கும் உதவாது!