நோய்க்கு ஓர் எண்

பட்டம் பெற்றபின் எத்தொழிலை நாடுவது என்னும் கவலை இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர்க்கும் உண்டு. தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், செவிலியம் முதலிய பாடங்களைப் பயில்வோர்க்கு அக்கவலை சற்று மிகுதி. மருத்துவர் ஆகவும் இயலவில்லை. ஆய்வுக்கூடத்தில் இடமும் எளிதில் கிடைப்பதில்லை. இத்தகையோர் காதில் அண்மைக் காலமாக விழும் சொல் ‘மெடிக்கல் கோடிங்’ என்பது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் வேலை என்று அதனைக் கருதுவோர் உண்டு. ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை வீடு தேடி வரும் என்று நம்புவோரும் உண்டு. இரண்டும் தவறு. நான் கொச்சியில் சுள்ளிக்கல்லில் குடியிருந்து, காக்கநாட்டில் இத்தொழிலைச் செய்து வருகிறேன். நம் மன்றத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் வினாக்களுக்கு விடையாக, நான் அறிந்தவற்றை இங்குத் தொகுத்துக் கூறுகிறேன்.

குறியீடு என்பது யாது?

சுள்ளிக்கல்லுக்கு அருகே, கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில், தமிழர் நடத்தும் பெரிய சலவைத் துறை ஒன்று இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழியினர் அவர்கள் என்பர். நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடும் வழக்கத்தை நாம் அறிவோம். முன்னாளில் சேங்கொட்டைச் சாற்றால் இடுவர்; வெளுத்தாலும் அது போகாது. நூறு வீட்டுத் துணிகள் ஒன்றாய்க் கலந்தாலும் எது எவருடையது என்பதை அச்சிறு குறி காட்டிவிடும். குறி மாறினால் ஒருவர் வேட்டி மற்றொருவர் வீட்டுக்குப் போய்விடும். மருத்துவக் குறியீட்டின் அடிப்படையும் இதுவே. ஒரே நோயை ஒரு மருத்துவர் ஒருவகையாக எழுதுவார். மற்றொருவர் வேறுவகையாக எழுதுவார். எழுத்து எத்தனை வகையானாலும் நோய்க்குரிய குறி ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியது அன்று. இலண்டன் நகரில் இறந்தோர் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிரான்ட் என்பவர் 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1893-இல் சிகாகோவில் கூடிய அனைத்துலகப் புள்ளியியலார், ழாக் பெர்ட்டியோன் தொகுத்த இறப்புக் காரணங்களின் பட்டியலை ஏற்றனர். 1948-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அப்பணியை மேற்கொண்டது. அதுவரை பெரிதும் இறப்பின் காரணங்களையே கூறிய பட்டியல், அதன்பின் நோய்களையும் தழுவி விரிந்தது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தமே ‘ஐ.சி.டி. 10’ எனப்படுவது. பதினோராம் திருத்தம் 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எனினும் அமெரிக்க மருத்துவமனைகள் தம் நாட்டுக்கு ஏற்ப விரித்தமைத்த பத்தாம் திருத்தத்தையே 2015 அக்டோபர் முதல் நாளிலிருந்து கையாள்கின்றன. நம் நாட்டிலும், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 என்பதன் கீழ் மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றுகள் இந்த அனைத்துலகப் பட்டியலின்படியே வகைப்படுத்தப்படுகின்றன.

வேலை நடக்கும் முறை

இங்குள்ள குறியீட்டாளர் செய்வது பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் வேலை. அங்கு மருத்துவச் செலவைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. நோய் இன்னது, செய்த சிகிச்சை இன்னது என்பதைக் குறியீட்டால் தெரிவித்தால்தான் பணம் வரும். நோய்க்கு ஐ.சி.டி. குறியீடு; மருத்துவர் செய்த செயலுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் முதன்முதல் வெளியிட்ட ‘சி.பி.டி.’ என்னும் ஐந்திலக்கக் குறியீடு. மருந்து, கருவி முதலியவற்றுக்கு ‘எச்.சி.பி.சி.எஸ்.’ என்னும் வேறொரு தொகுதி. இம்மூன்றும் இத்தொழிலின் மூன்று நூல்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்றாம் நிலைச் சிறுநீரக நோயும் உண்டு. நெடுநாளாக இன்சுலின் போட்டு வருகிறார் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். புதிதாய் வருபவர் சர்க்கரை நோய்க்கு ‘ஈ 11.9’ என்று எழுதிவிடுவார். அது சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் குறி. ஆனால் சர்க்கரை நோயும் நாட்பட்ட சிறுநீரக நோயும் ஒருங்கே இருந்தால், மருத்துவர் மறுத்து எழுதாதவரை, அவற்றிடையே தொடர்பு உண்டென்றே கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே ‘ஈ 11.22’ என்று எழுத வேண்டும். சிறுநீரக நோயின் நிலையைக் காட்ட ‘என் 18.30’ என்பதைச் சேர்க்க வேண்டும். இன்சுலினுக்காக ‘இசட் 79.4’ என்பதையும் சேர்க்க வேண்டும். மருத்துவர் நோயின் வகையைக் குறிக்காவிடில் இரண்டாம் வகை என்றே கொள்வதும் விதியே.

இன்னொன்று: வெளிநோயாளியின் குறிப்பில் ‘நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதினால் அந்நோய்க்குக் குறியிடலாகாது, இருமல், காய்ச்சல் என்னும் அறிகுறிகளுக்கே குறியிட வேண்டும். அதே சொற்கள், மருத்துவமனையில் தங்கிய உள்நோயாளி வீடு திரும்பும்போது எழுதப்பெற்ற இறுதிக் குறிப்பில் இருந்தால், நோய் உறுதியானதுபோலவே குறியிட வேண்டும். இத்தகைய நுட்பங்களே இத்தொழிலின் உயிர். மனப்பாடம் இங்குப் பெரிதும் உதவாது. விதியை எங்கே தேடுவது, எப்படிப் பொருத்துவது என்பதே திறமை.

எழுதாததை எழுதாமை இத்தொழிலின் அறம். பணம் மிகுதியாக வர வேண்டும் என்று நோயைப் பெரிதாக்கிக் குறியிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அன்றியும், இல்லாத நோயை ஒருவர் பேரில் எழுதிவிட்டால் அது அவருடைய ஏட்டில் நின்று, பின்னால் பார்க்கும் மருத்துவரையும் குழப்பும்.

தேர்வும் சான்றிதழும்

இத்துறையில் மதிப்புள்ள சான்றிதழ்களைத் தருவன அமெரிக்க அமைப்புகள் இரண்டு. ஒன்று, 1988-இல் தோன்றிய ‘ஏ.ஏ.பி.சி.’, மற்றொன்று, 1928-இல் தோன்றிய ‘அஹிமா’. முன்னதன் ‘சி.பி.சி.’ என்னும் தேர்வே இங்குப் பெரிதும் பேசப்படுவது. பின்னதில் தொடக்க நிலைக்குச் ‘சி.சி.ஏ.’ என்பதும், பழக்கமுடையோர்க்குச் ‘சி.சி.எஸ்.’ என்பதும் உள்ளன.

சி.பி.சி. தேர்வில் 100 வினாக்கள். 4 மணி நேரம். 70 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும்; சரியானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். குறியீட்டு நூல்களைத் திறந்து பார்க்கலாம். ‘நூலைப் பார்த்து எழுதும் தேர்வுதானே’ என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு வினாவுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடமும் இல்லை. நூலில் கை பழகாதவர் பாதி வினாவைத் தொடுமுன் மணி அடித்துவிடும்.

தேர்ச்சி பெற்றதும் முழுப் பட்டம் கிடைப்பதில்லை என்பதைப் பலர் அறியார். பழக்கமில்லாதோர்க்குச் ‘சி.பி.சி.ஏ.’ என்றே தருவர். இறுதியில் நிற்கும் அந்த ‘ஏ’ பயிலுநர் என்பதன் அடையாளம். இரண்டாண்டு வேலை செய்ததற்குச் சான்று காட்டினால் அது நீங்கும்; 80 மணி நேரப் பாடம் முடித்த சான்று ஓராண்டுக்கு ஈடாகக் கொள்ளப்படும். அதன்பின்னும் இரண்டாண்டுக்கு ஒருமுறை 36 கல்வி மதிப்பெண்கள் ஈட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஏனெனில் நோய்க் குறியீடு ஆண்டுதோறும் அக்டோபரிலும், சி.பி.டி. சனவரியிலும் மாறுகின்றன.

முதல் வேலை

இனி முதன்மையான வினாவுக்கு வருவோம். சான்றிதழ் முதலா, வேலை முதலா? என் கருத்து இது: உயிரியல் சார்ந்த பட்டம் உடையவர், கடன் வாங்கிச் சான்றிதழ் பெறுமுன், பயிலுநராகச் சேர முயல வேண்டும். பெரிய நிறுவனங்கள் சான்றிதழ் இல்லாத புதியவர்களையும் தேர்ந்தெடுத்துத் தாமே பயிற்றுவிப்பது உண்டு. ஆக்சஸ் ஹெல்த்கேர், ஏ.ஜி.எஸ். ஹெல்த் ஆகியவை சென்னையில் பெருமளவில் இத்தொழிலை நடத்துகின்றன. பெங்களூரிலிருந்து வளர்ந்த ஒமேகா ஹெல்த்கேருக்குச் சென்னையிலும் திருச்சியிலும் அலுவலகங்கள் உண்டு. கொச்சியில் 2004-இல் தொடங்கிய இன்ஃபோபார்க் முதலிய இடங்களில் இவ்வேலை நடைபெறுகிறது. சுள்ளிக்கல்லிலிருந்து தோப்பும்படி, வைற்றிலா வழியாகப் பேருந்தில் காக்கநாடு சேரலாம். வைற்றிலாவிலிருந்து 2023 முதல் நீர்வழி மெட்ரோப் படகும் ஓடுகிறது. வேலைமொழி ஆங்கிலம், மலையாளம் சரளமாக வராத தமிழ் மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை.

நேர்முகத்தில் கேட்பவை பெரும்பாலும் உடற்கூறும் மருத்துவச் சொற்களுமே. சொற்களைக் குருட்டு மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் பழகுக. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘எக்டமி’ என்றால் அறுத்து நீக்கல். ‘ஆஸ்டமி’ என்றால் திறப்பு உண்டாக்கல். ‘நெஃப்ரோ’ சிறுநீரகம், ‘ஹெப்பட்டோ’ ஈரல். இவ்வாறு ஒரு நூறு வேர்களை அறிந்தவர்க்கு ஆயிரம் சொற்கள் வசமாகும். தமிழில் பகுதி, விகுதி பிரித்துப் பழகிய நமக்கு இது புதிய வித்தை அன்று. அமெரிக்க அரசு வெளியிடும் நோய்க் குறியீட்டு விதிநூல் இலவசமாகவே கிடைக்கிறது. அதனை இரு முறை ஊன்றிப் படித்தவர், பணம் கட்டிப் படித்தும் அதனைத் திறவாதவரினும் மேம்பட்டு நிற்பார்.

ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தில் ‘ஏ.ஆர். காலர்’ என்னும் வேலையும் இருக்கும். அது நிலுவைத் தொகைக்காக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுடன் தொலைபேசியில் பேசும் வேலை, இரவு வேலை. குறியீட்டு வேலை பெரும்பாலும் பகலில் நடப்பது. முன்னது இழிவானது அன்று. ஆனால் இரண்டும் ஒன்றன்று. அதில் கழித்த ஆண்டுகள் குறியீட்டாளர் அனுபவமாக எண்ணப்படா.

வேலையில் சேர்ந்தபின் நாளொன்றுக்கு இத்தனை ஏடு என்ற கணக்கு உண்டு. பெரும்பாலான இடங்களில் 95 விழுக்காடு திருத்தம் வேண்டும் என்பர். தணிக்கையாளர் ஒவ்வொரு தவற்றையும் சுட்டி அனுப்புவார். நோயாளியின் மறை காக்க 1996-இல் அமெரிக்கா இயற்றிய ‘ஹிப்பா’ சட்டத்தின் பொருட்டு, வேலைக்கூடத்துள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள். எட்டு மணி நேரம் திரையை நோக்கி அமைதியாக இருக்கும் இயல்பு இல்லாதவர்க்கு இத்தொழில் ஒத்துவராது.

விழிப்பாக இருங்கள்

சுள்ளிக்கல்லில் என் அண்டை வீட்டார் தமிழ்க் குடும்பத்தினர். அவர் மகள் நுண்ணுயிரியல் பட்டதாரி. ‘வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சிக்கூடத்துக்காகத் தாயின் வளையல்களை அடகு வைத்தனர். ஆறு திங்கள் கழித்துக் கிடைத்தது அப்பயிற்சிக்கூடமே அச்சடித்த சான்றிதழ், ஏ.ஏ.பி.சி. தேர்வுக்கு அவர்கள் பதிவு செய்யவே இல்லை. நேர்முகத்தில் அத்தாளை எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “அண்ணா, இது பொய்ச் சான்றிதழா?” என்று அப்பெண் கேட்டபோது எனக்கு விடை கூற நா எழவில்லை. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் விலை போகாதது. பின்னர் மாலைதோறும் விதிநூலைப் படித்து, எழுத்துத் தேர்வில் வென்று, சென்னையில் ஒரு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தாள். வளையல்கள் இன்னும் மீளவில்லை.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று வினாக்கள் கேளுங்கள். சான்றிதழைத் தருபவர் யார், பயிற்சிக்கூடமா, தேர்வு நடத்தும் அமைப்பா? கட்டணத்துள் தேர்வுக் கட்டணமும், உறுப்பினர் கட்டணமும், அவ்வாண்டுக்குரிய மூன்று நூல்களும் அடங்குமா? கற்பிப்பவர் தாமே தேர்வில் வென்று வேலை பார்த்தவரா? எழுத்தில் விடை தர மறுப்பவரிடம் ஒரு காசும் கொடாதீர்கள். தேர்வுக் கட்டணத்தை அறிவிப்பது தேர்வு நடத்தும் அமைப்பே. அவ்வமைப்பின் அறிவிப்பை நேரே பார்த்தே பணம் கட்டுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரையும், மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவரையும் அணுகாதீர்கள்.

எந்திரம் வருகிறதே?

எளிய ஏடுகளைக் கணிப்பொறியே படித்துக் குறியிடும் காலம் வந்துவிட்டது. எக்ஸ்ரே அறிக்கை போன்ற சிறு ஏடுகளில் அது விரைவாக வேலை செய்கிறது. முன்பு புதியவர்கள் கை பழகியது அத்தகைய ஏடுகளில்தான். ஆதலின் இனி வருவோர்க்கு முதற்படி சற்று உயரமாகவே இருக்கும். எந்திரம் இட்ட குறி சரியா என்று ஆராய்ந்து சொல்பவர்க்கே இடம் நிலைக்கும். அவ்வாறு சொல்ல உடற்கூறும் விதியும் கற்றிருக்க வேண்டும். சான்றிதழ் ஒன்றே போதாது.

நண்பர்களே, இது பெரும் செல்வம் தரும் தொழில் என்று நான் கூறவில்லை. நேர்மையாகக் கற்றவர்க்கு ஒரு வாழ்வு தரும் தொழில். முதலில் இரு திங்கள் உடற்கூறும் சொற்களும் படியுங்கள்; அடுத்து விதிநூலைப் படியுங்கள்; அதன்பின் மனம் ஒப்பினால் வேலைக்கு முயலுங்கள்; கையில் ஊதியம் வந்தபின் அந்த ஊதியத்திலேயே தேர்வு எழுதுங்கள். நம் மன்றத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் வாரந்தோறும் ஒரு மாலை கூடிப் படிக்கலாம். நானும் வரக் காத்திருக்கிறேன். பெற்றோர் நகையை அடகு வைக்காமலே ஏறக்கூடிய படி இது.